நோயாளியின் மனத்தின் மேல் பழி போட வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மனத்தை மகிழ்ச்சியாக வைத்துக்கொண்டால் உடம்பை நோய் அண்டாது என்னும் அறிவுரை நாளிதழ்களின் மருத்துவப் பக்கங்களில் அண்மைக்காலமாக அடிக்கடி இடம்பெறுகிறது. இதில் பாதி உண்மை. மீதிப் பாதியோ, ஏற்கெனவே படுக்கையில் கிடப்பவரைக் குற்றவாளி ஆக்கிவிடுகிறது. அரசு மருத்துவமனையில் நெடுங்காலம் செவிலியராக இருந்து ஓய்வுபெற்றவள் என்ற முறையில் இதைப் பற்றிச் சில சொல்ல விரும்புகிறேன்.

மன உளைச்சல் உடம்பைத் தாக்கும் என்பதில் மருத்துவ உலகில் இன்று ஐயம் கிடையாது. அச்சமோ நெருக்கடியோ நேரும்போது சிறுநீரகங்களின் மேல் அமர்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகள் அட்ரினலின், கார்டிசோல் என்னும் ஹார்மோன்களை இரத்தத்தில் கலக்கின்றன. நாடித்துடிப்பு விரைகிறது, இரத்த அழுத்தம் கூடுகிறது, கல்லீரல் தன் இருப்பிலுள்ள சர்க்கரையை வெளியே விடுகிறது. பாம்பைக் கண்டு ஓடுபவருக்கு இது உயிர் காக்கும் ஏற்பாடு. வட்டிக்குக் கொடுத்தவரையோ கடுகடுக்கும் மேலாளரையோ நாள்தோறும் எதிர்கொள்பவருக்கு அதே ஏற்பாடு மாதக்கணக்கில் ஓயாமல் நடப்பதால், இரத்தக் குழாய்களும் நோய் எதிர்ப்பாற்றலும் மெல்ல மெல்லப் பழுதுபடுகின்றன.

இதை அளந்து காட்டிய ஆய்வுகளில் என் மனத்தை விட்டு அகலாதது 1995இல் அமெரிக்காவின் ஒஹையோவில் நடந்த ஒன்று. மறதி நோய் கண்ட உறவினரை வீட்டில் வைத்துப் பராமரித்துவந்த 13 பெண்களுக்கும், அத்தகைய சுமை இல்லாத, ஏறத்தாழ அதே வயதுடைய 13 பெண்களுக்கும் முன்கையில் மூன்றரை மில்லிமீட்டர் அளவுக்கு ஒரே மாதிரியான சிறு காயம் உண்டாக்கப்பட்டது. பராமரிப்புச் சுமை இருந்தவர்களுக்குக் காயம் ஆற, சராசரியாக ஒன்பது நாள் கூடுதலாகப் பிடித்தது. ஆய்வில் கலந்துகொண்டவர்கள் மிகச் சிலரே என்பது உண்மைதான். ஆனால் நம் ஊர் மருத்துவமனை வார்டுகளில், கட்டிலுக்கு அடியில் பாயை விரித்து, இரவெல்லாம் விழித்து, மாமியாரையோ கணவரையோ பார்த்துக்கொள்ளும் பெண்களைக் கண்டவர்களுக்கு அந்த முடிவு வியப்பளிக்காது. துணைக்கு வந்தவருக்கு இரத்த அழுத்தம் பார்த்துவிட்டு, நோயாளி இவரா அவரா என்று நாங்கள் எங்களுக்குள் கேட்டுக்கொண்ட நாள்கள் உண்டு. அந்தப் பெண்ணிடம் போய், ‘பாசிட்டிவாக இரும்மா’ என்று சொல்வதில் என்ன பயன்? அவருக்குத் தேவை ஓர் இரவுத் தூக்கம். அவர் இடத்தில் உட்கார இன்னொரு ஆள்.

இன்னொரு சான்று இலண்டனிலிருந்து. அங்குள்ள அரசு ஊழியர்களிடம் 1967இல் தொடங்கிய ஒயிட்ஹால் ஆய்வில், கடைநிலைப் பணியாளர்கள் மாரடைப்பு போன்ற இதய நோய்களால் இறப்பது உயர் அதிகாரிகளைக் காட்டிலும் ஏறக்குறைய மூன்று மடங்கு என்று தெரியவந்தது. புகைபிடித்தல், இரத்த அழுத்தம், கொழுப்பு முதலியவற்றைக் கணக்கில் கொண்ட பிறகும் இந்த வேறுபாட்டின் பெரும்பகுதி அப்படியே நின்றது. இத்தனைக்கும் இவர்கள் எல்லாரும் நிரந்தர வேலையும் மாதச் சம்பளமும் உடையவர்கள். பெண்களையும் சேர்த்துக்கொண்டு 1985இல் தொடங்கிய இரண்டாம் ஆய்வு அதற்கான விடையின் ஒரு பகுதியைத் தந்தது: தம் வேலையை எப்போது, எப்படிச் செய்வது என்று தாமே தீர்மானிக்கும் உரிமை குறைவாக உள்ளவர்களுக்கு இதய நோய் அதிகம். பொறுப்பு மிகுந்த அதிகாரிக்கே நெஞ்சுவலி வரும் என்ற பழைய நம்பிக்கையை அது தலைகீழாக்கியது.

இனி, அந்த அறிவுரையின் தவறான பாதிக்கு வருகிறேன். மனத்தின் போக்கே நோயைத் தரும், மனத்தின் போக்கே அதைத் தீர்க்கும் என்று இழுத்துச் சொல்வதற்கு ஆதாரம் இல்லை. தலை, கழுத்துப் பகுதியில் புற்றுநோய் கண்ட 1,093 பேரைத் தொடர்ந்து கவனித்து 2007இல் வெளியான ஆய்வில், மனம் தெம்பாக இருந்தவர்கள் மற்றவர்களைவிடக் கூடுதல் காலம் வாழ்ந்ததாகத் தெரியவில்லை. வயிற்றுப்புண்ணுக்குக் கவலையே காரணம் என்று மருத்துவர்களே பல்லாண்டுகள் சொல்லிவந்தார்கள். பெரும்பாலான புண்களுக்குப் பின்னால் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமி இருப்பதை நிறுவியதற்காக பேரி மார்ஷல், ராபின் வாரன் ஆகியோருக்கு 2005இல் நோபல் பரிசு கிடைத்தது. தாம் அழுதுகொண்டே இருந்ததால்தான் மார்பில் கட்டி வந்தது என்று நம்பி, தம்மையே நொந்துகொண்ட பெண்களை வார்டில் நான் பார்த்திருக்கிறேன். நோயின் வேதனை போதாதென்று இந்தப் பழியையும் அவர்கள் சுமக்க வேண்டுமா?

நடைப்பயிற்சி, மூச்சுப் பயிற்சி, யோகம் ஆகியவற்றை நான் குறைகூறவில்லை. அவற்றால் இரத்த அழுத்தம் ஓரளவு தணியும். ஆனால் சூழ்நிலையை அப்படியே விட்டுவிட்டு மனத்தை மட்டும் மாற்றிக்கொள்ளச் சொல்வது, அதற்குப் பொழுதும் வசதியும் உள்ளவர்களுக்கே பொருந்தும். கடைகளிலும் நிறுவனங்களிலும் வேலை செய்பவர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று 2021இல் நம் சட்டமன்றம் நிறைவேற்றிய திருத்தத்தை, உடல்நலத்துக்கும் மனநலத்துக்கும் சேர்த்துச் செய்யப்பட்ட மருத்துவம் என்றே கருதுகிறேன். அந்த இருக்கை எத்தனை துணிக்கடைகளில் உண்மையிலேயே போடப்பட்டிருக்கிறது என்பது வேறு. 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் சட்டமுன்வடிவு 2023 ஏப்ரலில் நிறைவேறி, எதிர்ப்புக்குப் பின் கைவிடப்பட்டதும் பொதுச் சுகாதாரச் செய்திதான். அதை அந்தக் கண்ணோட்டத்தில் விவாதித்தவர்கள் குறைவு.

‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் தன்னார்வலர்கள் 2021 முதல் வீடு தேடிச் சென்று இரத்த அழுத்த, சர்க்கரை நோய் மாத்திரைகளைக் கொடுத்துவருகிறார்கள். படுத்த படுக்கையாக ஒருவர் இருக்கும் வீட்டில், அவரைப் பார்த்துக்கொள்பவருக்கும் இரத்த அழுத்தம் பார்ப்பதையும், அவர் எத்தனை மணி நேரம் தூங்குகிறார் என்று கேட்டுக் குறித்துக்கொள்வதையும் அந்தப் பணியோடு சேர்க்குமாறு நலவாழ்வுத் துறையைக் கேட்டுக்கொள்கிறேன். மாதத்தில் ஓரிரு நாளாவது நோயாளியை அரசு மருத்துவமனை பொறுப்பேற்றுக்கொண்டால் அந்தக் குடும்பம் மூச்சுவிடும். தங்கள் மருத்துவப் பக்கமும் மனநலக் கட்டுரைகளின் முடிவில் 14416 என்ற இலவச மனநல உதவி எண்ணைத் தவறாமல் வெளியிடுவதோடு, நோயாளியின் மனப்பாங்கைப் பற்றி எழுதும் இடத்திலேயே அவருடைய வேலை நேரத்தையும் வீட்டுச் சுமையையும் பற்றி மருத்துவர்களிடம் கேட்டு வெளியிட வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர்,
மன்னார்குடி.