எந்தக் கம்பி?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில் ஸ்போர்ட்ஸ் கார் பற்றிய கட்டுரையில், பின்பக்கம் ஒரு கம்பி போட்டால் வளைவில் கார் சாலையோடு ஒட்டிக்கொள்ளும் என்று ஒரு வரி இருந்தது. நான் அம்பத்தூரில் முப்பத்திரண்டு வருஷமாக சஸ்பென்ஷன், அலைன்மென்ட் வேலை மட்டும் பார்க்கிறவன். அந்த வரியைப் படித்துவிட்டுப் பட்டறைக்கு நாலு பேர் கூடுதலாக வருவார்கள், எனக்கு லாபம்தான். ஆனாலும் எழுதாமல் இருக்க மனசு வரவில்லை.

கடையில் 'பின் கம்பி' என்று விற்பது இரண்டு வகை. ஒன்று பிரேஸ்: பாடியின் இரண்டு மூன்று இடங்களைச் சேர்த்து, அசையாமல் பிடித்துக் கட்டுவது. இன்னொன்று ஆன்டி-ரோல் பார்: இடது சக்கரத்தையும் வலது சக்கரத்தையும் இணைத்து, வண்டி சாயும்போது முறுக்கிக்கொண்டு எதிர்ப்பது. பார்வைக்கு இரண்டும் கம்பி. வேலை ஏறக்குறைய எதிரெதிர்.

போன ஐப்பசி மழையில் சோழிங்கநல்லூரிலிருந்து ஒரு தம்பி வந்தார். கம்ப்யூட்டர் வேலை. இரண்டு பேர் உட்காரும் திறந்த கூரை கார், செகண்ட் ஹேண்டில் வாங்கியது. 2024 ஆகஸ்ட் கடைசியில் தீவுத்திடலைச் சுற்றி இரவுப் பந்தயம் நடந்த பிறகு இந்த மாதிரிக் கார்கள் பட்டறைக்கு வருவது கூடியிருக்கிறது. குறையாகச் சொல்லவில்லை. சோழவரத்தில் பழைய விமான ஓடுதளத்தில் நடந்த பந்தயத்துக்கு அப்பாவின் சைக்கிள் கேரியரில் உட்கார்ந்து போனவன்தான் நானும்.

தம்பியின் புகார்: வளைவில் வால் விசிறுகிறது. ஒரு கடையில் சொல்லியிருக்கிறார், 'பின் கம்பி' போட்டு அனுப்பிவிட்டார்கள். அதற்கப்புறம் ஈ.சி.ஆரில் கோவளம் திருப்பத்தில் மழையில் வண்டி முழுசாகச் சுற்றி, வந்த திசையைப் பார்த்து நின்றிருக்கிறது. எதிரில் யாரும் வராதது அவர் அம்மா செய்த புண்ணியம்.

லிஃப்டில் ஏற்றிப் பார்த்தேன். போட்டிருந்தது பிரேஸ் இல்லை, தடித்த ஆன்டி-ரோல் பார். 20 மி.மீ. இருந்த இடத்தில் 22. 'இரண்டு மி.மீ. தானே அண்ணே' என்றார். கம்பியின் விறைப்பு விட்டத்தின் நாலாம் அடுக்கில் ஏறும். அந்த இரண்டு மி.மீ.க்கு 46 சதவீதம் கூடுதல்.

வளைவில் பாரம் வெளிப்பக்கம் சாய்வதை எந்தக் கம்பியும் நிறுத்தாது. அதை முன் டயரும் பின் டயரும் எப்படிப் பங்கு போட்டுக்கொள்வது என்பதைத்தான் இந்த பார் மாற்றும். பின்னால் தடித்ததைப் போட்டால் பின்பக்க வெளி டயரின் தலையில் கூடுதல் பங்கு விழும். பாரம் இரண்டு மடங்கானாலும் டயரின் பிடிமானம் இரண்டு மடங்காகாது. ஆக, பின்பக்க ஜோடிக்கு மொத்தத்தில் பிடி குறையும். வால் விசிறுகிற வண்டிக்கு அதைப் போட்டது, வயிற்றுப்போக்குக்கு விளக்கெண்ணெய் கொடுத்த கதை.

முதல் நோய் வேறு. இடது பின் சக்கரத்தைக் கீழே பிடித்திருக்கும் லோயர் ஆர்மின் புஷ்ஷில், அதாவது அது மாட்டியிருக்கும் இடத்து ரப்பரில், கடப்பாரையை வைத்து நெம்பினேன், ரப்பர் வாய் பிளந்தது. பக்கவாட்டில் விசை வரும்போதெல்லாம் அந்தச் சக்கரம் டோ-அவுட் ஆகியிருக்கிறது, அதாவது அதன் முன்விளிம்பு வெளிப்பக்கம் திரும்பியிருக்கிறது. அப்புறம் வால் நிற்குமா?

பிரேஸ் வீண் என்று சொல்லவில்லை. அரைக் கிலோ மைசூர்பாகு வாங்கி வரும் அட்டைப் பெட்டியை மூடியோடு முறுக்கிப் பாருங்கள், மூடியை எடுத்துவிட்டு முறுக்கிப் பாருங்கள். கூரையில்லாத காரும் அப்படித்தான். இந்த வண்டியில் ஒரு பின் மூலையை மட்டும் ஜாக்கியில் தூக்கியபோது கதவு தாழ்ப்பாளில் இடித்தது, பாடி முறுக்கிக்கொள்கிறது என்று அர்த்தம். டிக்கிக்கு முன்னால் முழு இரும்புச் சுவர் உள்ள காருக்குள் பளபளவென்று ஒரு குறுக்குக் கம்பி போடுகிறார்களே, அது பெரும்பாலும் படம் எடுக்கத்தான்.

புஷ் மாற்றி, பழைய பாரையே திரும்ப மாட்டி, அலைன்மென்ட் பார்த்தேன். பிறகுதான் அடியில் வி வடிவப் பிரேஸ். நாலு சக்கரமும் தரையில் நிற்கும்போதுதான் அதன் போல்ட்டை இறுக்க வேண்டும். ஒரு பக்கம் தூக்கி வைத்து இறுக்கினால் அந்த முறுக்கோடே பூட்டின மாதிரி. பிரேஸ் நகர்ந்தால் தெரியட்டும் என்று வாஷர் ஓரமாக வெள்ளைப் பெயின்டில் ஒரு கோடு போட்டு அனுப்பினேன். ஒரு மாதம் கழித்துக் கோடு நகரவில்லை. கதவும் இடிக்கவில்லை.

இப்போது வால் அடங்கிவிட்டது. மூக்குதான் வளைவில் கொஞ்சம் வெளியே போகிறது என்று தம்பிக்குக் குறை. பின்பக்கம் பிடித்து நின்றால் அப்படித்தான் இருக்கும், மழைக்கு அதுவே நல்லது என்று சொல்லியிருக்கிறேன். அவருக்கு முழுத் திருப்தி இல்லை.

அடுத்த முறை எழுதும்போது எந்தக் கம்பி என்று மட்டும் ஒரு வார்த்தை சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
அம்பத்தூர், சென்னை