வயிறு எங்கே மக்கா?

மக்கா சேவியர்,

கொச்சியில் கரையேறியதும் படிப்பாய் என்று எழுதிப் போடுகிறேன். இங்கே அம்மாவுக்கு முட்டுவலி அப்படியேதான், மகள் பிளஸ் டூ முடித்துவிட்டாள், உன் மச்சான் வீட்டு ஓடு மாற்றுகிற வேலை இன்னும் முடிந்தபாடில்லை.

அதை விடு. போன வாரம் தேங்காய்ப்பட்டணத்தில் ஒரு கொம்புத் திருக்கை இறங்கியது, சூரை வலையில் செத்துத்தான் வந்ததாம். கொம்புத் திருக்கை நாம் பார்க்காததா, ஆனால் வழக்கமாக வருவதற்கு வாய் அடியில் இருக்கும், இதற்கு முகத்துக்கு நேர் முன்னால் அடுப்பு வாய் மாதிரித் திறந்திருந்தது. அதாவது கொம்புத் திருக்கையில் மாந்தா என்கிற வகை. ஒரு அண்ணன் கையை விரித்து அளந்து இரண்டு பாகமும் ஒரு முழமும் என்றார், நாலு மீட்டருக்குக் கொஞ்சம் மேலே வரும். நான் அவசரத்தில் முதுகைப் படம் பிடித்தேன். புரட்டிப் போடச் சொல்வதற்குள் கத்தி இறங்கிவிட்டது. அந்தக் கறுத்த வழுவழுப்பு சோப்புப் போட்டும் விரலை விட்டுப் போகவில்லை.

படத்தை மீன் ஆராய்ச்சி செய்கிற ஒருவருக்கு அனுப்பினால் முதல் கேள்வியே "வயிறு எங்கே?" மாந்தாவில் பெரியது, பாறை ஓரம் திரிவது என்று இரண்டைப் பிரித்ததே 2009இல்தானாம். அதற்கு முன்னே எந்தக் கடலில் பிடித்தாலும் ஒரே பெயரில் எழுதிவிட்டார்கள், படம் இல்லாத பழைய பதிவை இனி யார் வந்து பிரிப்பது? பெரியதற்கு வாய் கறுப்பு, ஏழு மீட்டர் வரை விரியும், புள்ளிகள் செவுளுக்குக் கீழே வயிற்றில் திரண்டிருக்கும். மற்றதற்கு வாய் வெளுப்பு, செவுள் கீற்றுகளுக்கு நடுவிலும் புள்ளி உண்டு. தோளில் உள்ள வெள்ளைப் பட்டையை வைத்தும் சொல்லலாம், என் படத்தில் அந்த இடத்தில் ஐஸ் கிடக்கிறது!

கோஸ்டாரிகாவுக்கு அப்பால் கோகோஸ் தீவில் பாறை மாந்தா ஒன்றே ஒன்று தென்பட்டதை 2019இல் கட்டுரையாகப் போட்டார்கள், கிழக்குப் பசிபிக்கில் அதுதான் முதல் பதிவு. ஒரு மீன் போதும், அடையாளம் சரியாகத் தெரிந்தால்.

அப்புறம் இன்னொரு சிக்கல். துறைமுகத்தில் இறங்கியதை வைத்து நம்ம கடலில் இருக்கிறது என்று எழுத முடியாது. தூத்தூர்க்காரன் படகு லட்சத்தீவுக்கும் போகும், குஜராத்துக்கும் போகும், எங்கே வலையில் விழுந்தது என்று கரையில் நிற்கிற எனக்கு எப்படித் தெரியும்? அது உன் ஜிபிஎஸ்ஸில்தான் இருக்கிறது.

அதனால் அடுத்த தங்கலில், நாள்கணக்கில் கடலில் கிடக்கும்போது, மாந்தா சிக்கினால் வயிற்றுப் பக்கம் ஒரு படம், ஜிபிஎஸ் திரையை ஒரு படம், அவ்வளவுதான். உயிர் இருந்தால் வலையை அறுத்து விட்டுவிடு, செவுளில் கை போட்டு இழுக்காதே. ஒரு தடவைக்கு ஒரு குட்டிதான் போடும், அதுவும் ஏறக்குறைய ஒரு வருஷம் சுமந்து. வலைக் காசுக்கு உன் முதலாளி கத்துவார், தெரியும். என் பெயரைச் சொல்லு.

ஊருக்கு வரும்போது முன்கூட்டியே சொல், நெத்திலிக் கருவாடு எடுத்து வைக்கிறேன்.

உன்
ததேயு