முதல் பாரிஸ் லேஓவர் கிடைத்திருக்கும் புதிய விமான க்ரூவுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பி தங்கைகளுக்கு,

ரோஸ்டரில் (பணி அட்டவணையில்) டெல்லி–பாரிஸ் என்று பார்த்ததுமே ஐஃபில் கோபுரம், லூவர் அருங்காட்சியகம் என்று பட்டியல் போட ஆரம்பித்திருப்பீர்கள். அது இருக்கட்டும். முதலில் பிக்கப் நேரத்தை, அதாவது ஹோட்டலிலிருந்து விமான நிலையத்துக்கு வண்டி கிளம்பும் நேரத்தைப் பாருங்கள். லேஓவரை, அதாவது இரண்டு விமானங்களுக்கு நடுவே வெளியூரில் தங்கும் நேரத்தை, பின்னாலிருந்துதான் எண்ண வேண்டும்.

மாலை 7.30க்கு இறங்கி மறுநாள் இரவு 9.30க்குக் கிளம்புவதாக வைத்துக்கொள்வோம். காகிதத்தில் 26 மணி நேரம். கடைசிப் பயணி இறங்கி, இமிகிரேஷன் தாண்டி, ஹோட்டல் சாவி கைக்கு வரவே ஒன்றரை மணி ஆகிவிடும். யூனிஃபார்ம் போட்டுத் தயாராக ஒரு மணி, பிக்கப்பிலிருந்து புறப்பாடு வரை இரண்டரை மணி. இரவுத் தூக்கம் எட்டு, மதியத் தூக்கம் மூன்று. மிஞ்சும் பத்தில் சாப்பாடும் ரயிலும் போக, ஊருக்கென்று ஐந்தாறு மணி நேரம் கிடைத்தால் அதிகம்.

மதியத் தூக்கத்தில் மட்டும் கை வைக்காதீர்கள். கோடையில் பாரிஸ் நம்மைவிட மூன்றரை மணி நேரம் பின்னால், குளிர்காலத்தில் நாலரை. இந்திய நேரம் இரவு 2 முதல் 6 வரை உடம்பு அடியோடு சோர்ந்திருக்கும். கோடைக் கணக்கில் அது பாரிஸின் இரவு 10.30 முதல் 2.30. அதாவது, திரும்பும் விமானத்தில் நீங்கள் ட்ராலி தள்ளிக்கொண்டிருக்கும் நேரம். ஓவன் ட்ரேயில் கை சுட்டுக்கொள்வதும் ஸ்பெஷல் மீலை வேறு இருக்கையில் வைத்துவிட்டு வருவதும் அப்போதுதான் நடக்கும்.

இதே கணக்கில் ஒரு லாபமும் உண்டு. வந்த அன்றிரவு பத்தரைக்குள் படுத்தால் (திரைச்சீலை இடுக்கில் வெளிச்சம் வந்தால் பேன்ட் ஹேங்கரின் கிளிப்பைப் போட்டு மூடுங்கள்) காலை ஆறுக்கெல்லாம் தானாக விழிப்பு வந்துவிடும். ஏழு மணி பாரிஸ் கூட்டமில்லாத பாரிஸ். அந்த ஊரை இரவில் பார்த்தால்தான் அழகு என்பார்கள். ஜூனில் அங்கே பொழுது சாயவே பத்து மணி ஆகும், உங்கள் உடம்புக்கு அது நள்ளிரவு ஒன்றரை. விட்டுவிடுங்கள்.

விமான நிலையத்திலிருந்து ஊருக்குள் போக ஆர்.இ.ஆர். பி என்ற புறநகர் ரயில் பிடியுங்கள். விமான நிலைய டிக்கெட் 2025இல் 13 யூரோ. ஊருக்குள் ஓடும் சாதாரண டிக்கெட் இந்தப் பயணத்துக்குச் செல்லாது. அபராதம் கட்டுகிறவர்களில் பலர் இதில்தான் மாட்டுகிறார்கள். வெளியேறும் வரை டிக்கெட்டைத் தூக்கிப் போடாதீர்கள். சான் மிஷெல் நிலையத்தில் இறங்கினால் எதிரிலேயே நோத்ர தாம் தேவாலயம். தீ விபத்துக்குப் பின் 2024 டிசம்பரில் மறுபடி திறந்தார்கள். நுழைவு இலவசம், வார நாட்களில் எட்டு மணிக்குள் திறந்துவிடும். அங்கிருந்து சேன் நதிக்கரையோடு லூவரின் கண்ணாடிப் பிரமிடு, துய்லெரி தோட்டம் என்று கோன்கோர்ட் சதுக்கம் வரை நடந்தால் மூன்று கிலோமீட்டர்தான். லூவருக்குள் நுழையாதீர்கள், அது இந்த லேஓவருக்கு அடங்காது. (செவ்வாய்க்கிழமை எப்படியும் பூட்டுதான்.) ஐஃபில் கோபுரத்தில் ஏற வரிசையில் நிற்பதைவிட எதிர்க்கரையில் உள்ள த்ரோகாதெரோ மேடையிலிருந்து பார்ப்பதே மேல். அங்கிருந்து 9ஆம் மெட்ரோவில் ஸ்த்ராஸ்பூர் சான் தெனி, மாறி 4ஆம் மெட்ரோவில் கார் து நோர் ரயில் நிலையம்.

மதியச் சாப்பாட்டை கார் து நோர் அருகிலேயே வைத்துக்கொள்ளுங்கள். பத்து நிமிட நடையில் லா சப்பல், ஈழத்தமிழர் கடைத்தெரு. இடியப்பம், சொதி, கொத்து ரொட்டி எல்லாம் கிடைக்கும். நேரமிருந்தால் பஜோல் தெருவில் மாணிக்க விநாயகரையும் கும்பிட்டுவிட்டு, ஒரு மணிக்குள் ரயில் ஏறுங்கள்.

தப்பு நடப்பது பெரும்பாலும் இங்கேதான். வடக்கே போகும் பி ரயில் ஓல்னே நிலையத்தில் இரண்டாகப் பிரியும். ஒன்று மித்ரி போய்விடும். நாலெழுத்து ரயில் பெயர் ஆங்கில ‘E’ எழுத்தில் தொடங்கினால் விமான நிலையம், ‘I’ எழுத்தில் தொடங்கினால் மித்ரி. வேலைநிறுத்தமோ தண்டவாளப் பராமரிப்போ இருந்தால் டாக்ஸிதான் வழி. நதியின் வலது கரையிலிருந்து 56, இடது கரையிலிருந்து 65 யூரோ என்பது 2025இன் நிர்ணயக் கட்டணம். அந்தப் பணத்தைத் தொடாமல் வையுங்கள். ரயிலில் பையை முன்பக்கம் மாட்டுங்கள், போனைக் கதவருகே நின்று நோண்டாதீர்கள்.

மதுவுக்கு நம் விதி, பறப்பதற்கு முன் 12 மணி நேரம். 9.30 விமானம் என்றால் காலை 9.30க்குப் பிறகு ஒரு சொட்டு வைன் கூடாது. ஆல்கஹால் கலந்த மவுத்வாஷும் விதியில் அடக்கம். மருந்துக்கடை இருமல் சிரப்பின் லேபிளையும் படித்துப் பாருங்கள்.

பாஸ்போர்ட்டை சேஃபில் வைத்தால் கூடவே யூனிஃபார்ம் ஷூ ஒன்றையும் வையுங்கள். ஷூ இல்லாமல் யாரும் பிக்கப்புக்கு இறங்க முடியாது. போனில் டேட்டா இருக்கட்டும், எங்கே போகிறீர்கள் என்று க்ரூவின் இன்சார்ஜிடம் சொல்லிவிட்டுப் போங்கள். பிக்கப் நேரம் மாறினால் உங்களைத் தேட வேண்டாமே. ஐம்பது இருக்கைக்கு ஒரு க்ரூ என்பது விதி. எண்ணிக்கை குறைந்தால் விமானம் நிற்கும், அல்லது பயணிகளை இறக்க வேண்டிவரும்.

லேஓவர் 16 மணி நேரத்துக்குக் கீழே என்றால் இதில் எதையும் முயல வேண்டாம். ரூமில் தூங்கிவிட்டு, விழித்தால் விமான நிலையத்தை ஒட்டிய ரோய்சி கிராமம் வரை போய்ச் சூடாக ஒரு குரோசான் தின்றுவிட்டு வாருங்கள். கடைக்குள் நுழைந்ததும் முதலில் ‘பொன்ஜூர்’ (வணக்கம்) சொல்லுங்கள்.

அன்புடன்,
பாரிஸ் ரூட் பழகிய சீனியர்கள் சிலர்