முதல் பிரதியை மாணவரே எழுதட்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

கல்லூரி மாணவர்கள் ஏஐ-யிடம் விடை எழுதி வாங்கிவிடுகிறார்கள் என்று தலையங்கத்தில் வருந்தியிருந்தீர்கள். இளநிலை வகுப்புக்கு உயிர்வேதியியல் நடத்தும் எனக்கும் அந்த வருத்தம் உண்டு. ஆனால் அதற்குப் பயந்து எழுத வைப்பதையே நிறுத்திவிடக் கூடாது.

செல்களுக்கு ஆற்றல் தரும் ஏடிபி மூலக்கூறு நீரோடு வினைபுரிந்து ஒரு பாஸ்பேட்டை இழக்கும் நீராற்பகுப்பில், திட்ட நிலையில், மோலுக்குச் சுமார் 30.5 கிலோஜூல் ஆற்றல் கிடைக்கிறது. இந்தக் கணக்கை என் மாணவர்கள் தப்பில்லாமல் போடுவார்கள். 'கணக்கு வேண்டாம், ஏன் கிடைக்கிறது என்று ஒரு பக்கம் எழுதுங்கள்' என்றதும்தான் குட்டு வெளிப்பட்டது. "பாஸ்பேட் பிணைப்பு உடையும்போது அதில் அடைபட்டிருந்த ஆற்றல் வெளியே வருகிறது" என்று பலரும் எழுதியிருந்தார்கள். உண்மையில் எந்தப் பிணைப்பை உடைக்கவும் ஆற்றலைச் செலவழிக்க வேண்டும். புதிதாக உருவாகும் பிணைப்புகளும், விளைபொருள்களை நீர் மூலக்கூறுகள் சூழ்ந்து நிலைப்படுத்துவதும்தான் அந்தச் செலவை ஈடுகட்டி மிச்சமும் தருகின்றன.

தேர்வில் முழு மதிப்பெண் வாங்கிய ஒரு மாணவியும் 'அடைபட்டிருந்த ஆற்றல்' என்றுதான் எழுதியிருந்தாள். "திருத்தித் தராதே, விடை சொல்லாதே, எங்கே இடிக்கிறதோ அங்கே கேள்வி மட்டும் கேள்" என்று சொல்லி அந்தப் பக்கத்தை ஏஐ-யிடம் கொடுக்கச் சொன்னேன். "உடைத்தாலே ஆற்றல் வரும் என்றால் அணுக்கள் ஏன் பிணைந்தே இருக்கின்றன?" என்று அது கேட்டிருக்கிறது. மறுநாள் அந்தக் கேள்வியோடு என்னிடம் வந்தாள். நெடுநேரம் பேசினோம். இரண்டாம் பிரதியில் 'அடைபட்டிருந்த' என்ற சொல் இல்லை!

சரி, எல்லாருக்கும் இப்படி அமைந்ததா? இல்லை. அதே தவற்றைச் செய்த இன்னொரு மாணவனை "அருமையான விளக்கம்" என்று ஏஐ பாராட்டியிருந்தது. அதனால் முதல் பிரதியை வகுப்பிலேயே கையால் எழுதச் சொல்கிறேன். அப்புறம் ஏஐ-யுடன் நடந்த உரையாடலையும் இரண்டாம் பிரதியையும் சேர்த்து வாங்கி நானே படிக்கிறேன். அறுபது பக்கங்களுக்கும் அன்றன்றே குறிப்பெழுத எனக்கு முடியாது. அந்த முதல் சுற்றுக்கு மட்டும்தான் கருவி.

மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் 'எம்ரைட்' திட்டத்தில் பெரிய வேதியியல் வகுப்புகளிலும் மாணவர்கள் எழுதி, சக மாணவர் கருத்தைக் கேட்டுத் திருத்தி எழுதுகிறார்கள். நம்மாலும் முடியும். முதல் பிரதிக்கும் இரண்டாம் பிரதிக்கும் நடுவே மாணவர் எதை மாற்றினார், ஏன் மாற்றினார் என்பதற்கு அகமதிப்பீட்டில் மதிப்பெண் ஒதுக்குங்கள் என்று பாடத்திட்டக் குழுக்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு கல்லூரி ஆசிரியை