போர்னியோவின் வடமுனை வரை

கோத்தா கினபாலு,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள அம்மாவுக்கும் அப்பாவுக்கும்,

தங்கச்சி கையெழுத்தில் உங்கள் கடிதம் கிடைத்தது. அப்பாவுக்கு மூட்டுவலி குறைந்திருப்பதும், பசு கன்று ஈன்றிருப்பதும், குலசேகரம் அத்தை இன்னும் பேசாமல்தான் இருப்பதும் அறிந்தேன். அங்கே என்ன பார்க்கிறாய், என்ன சாப்பிடுகிறாய் என்று நாலு வரி எழுதக்கூடாதா என்று அம்மா கேட்டிருந்தீர்கள். போனில் பேசினால் பணம் வந்ததா, மழை பெய்ததா என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. அதனால் இன்று விரிவாகவே எழுதுகிறேன்.

நான் நலமாக இருக்கிறேன். நம் நாட்டிலிருந்து சுற்றுலாக் குழு வந்தால் முதலாளி என்னையும் அடுப்பு, பாத்திரங்களோடு வேனில் அனுப்பிவிடுவார். போகிற இடத்தில் அவர்களுக்குச் சோறும் சாம்பாரும் வேண்டும். அந்தப் புண்ணியத்தில்தான் நானும் இந்தத் தீவைப் பார்க்கிறேன். போர்னியோ உலகத்தின் மூன்றாவது பெரிய தீவு. மலேசியா, இந்தோனேசியா, புரூணை மூன்றுக்கும் இதில் பங்கு உண்டு. நான் இருப்பது மலேசியப் பகுதியான சபா.

ஊரிலிருந்தே கினபாலு மலை தெரிகிறது. 4,095 மீட்டர் உயரம். அப்பா எப்போதும் பெருமையாகச் சொல்லும் ஆனைமுடி 2,695 மீட்டர்தான். விடியற்காலையில் பாறை முகடு முழுவதும் துலக்கமாக நிற்கும். வெயில் ஏற ஏற மேகம் வந்து மூடிவிடும். செத்துப்போன முன்னோர்களின் ஆவி அந்த மலையில் தங்குகிறது என்று இங்குள்ள கடசான், டூசுன் மக்கள் நம்புகிறார்கள். மலையடியில் குண்டசாங் என்ற ஊரில் முட்டைக்கோஸ் விளைகிறது. இந்த வெப்ப நாட்டில் அப்படி ஒரு குளிர் இருக்கும் என்று நான் நினைக்கவே இல்லை. இரவு கரைத்து வைத்த தோசை மாவு காலையில் துளிகூடப் பொங்காமல் வைத்தபடியே கிடந்தது. அடுத்த இரவு என் போர்வையை எடுத்துப் பானையில் சுற்றி அடுப்போரம் வைத்தேன். காலையில் மாவு விளிம்பு வரை ஏறியிருந்தது. மதுரைக்காரக் குடும்பம் ஒன்று திருப்தியாகச் சாப்பிட்டது. போர்வை இல்லாமல் எப்படித் தூங்கினான் என்று கவலைப்பட வேண்டாம் அம்மா, ஸ்வெட்டர் இருந்தது.

சண்டக்கான் பக்கம் செப்பிலோக்கில் தாயை இழந்த ஒராங்குட்டான் குட்டிகளை வளர்த்துக் காட்டுக்குப் பழக்குகிறார்கள். 1964 முதல் நடக்கிறதாம். ஒரு குட்டி வாழைப்பழத்தை வாயில் கவ்விக்கொண்டு, ஒற்றைக் கையால் கயிற்றில் தொங்கியபடி எங்களையே பார்த்தது. அண்ணன் மகன் பார்த்திருந்தால் அந்த இடத்தை விட்டு வந்திருக்க மாட்டான். அங்கிருந்து தெற்கே கினபாத்தாங்கான் ஆறு. 560 கிலோமீட்டர் நீளம். மாலையில் படகில் போனால், நீண்டு தொங்கும் மூக்குடைய குரங்குகள் கரையோர மரங்களில் கூட்டமாக வந்து அமர்கின்றன. இந்தத் தீவைத் தவிர வேறெங்கும் அந்த இனம் கிடையாது. ஆனால் பல இடங்களில் கரையோரக் காடு ஒரு பட்டைதான், அதற்குப் பின்னால் கண்ணுக்கெட்டிய தூரம் எண்ணெய்ப்பனை. நாமும் ரப்பரால் பிழைத்த குடும்பம்தான், எனக்குக் குறை சொல்ல வாய் வரவில்லை. இருந்தாலும் அந்தக் குரங்குகளை நினைத்தால் மனம் கேட்கவில்லை.

பக்கத்து வீட்டில் ஒரு டூசுன் பாட்டி இருக்கிறார். துஹாவ் என்று ஒரு காட்டு இஞ்சித் தண்டை நறுக்கி ஊறவைத்துச் சாப்பிடுவார். ஜாடியைத் திறந்தால் தெருமுனை வரை மணம் போகும். நெய்மீனைப் பச்சையாகவே எலுமிச்சைச் சாற்றில் ஊறவைத்து, மிளகாய், இஞ்சி, உள்ளி சேர்த்து ஹினாவா என்று ஒன்று செய்கிறார். அடுப்பே வேண்டாம். முதலில் தயங்கினேன், இப்போது அவர் கொண்டுவந்தால் விடுவதில்லை. பதிலுக்கு நான் புட்டு கொடுத்தேன். அதையும் மீனோடுதான் சாப்பிட்டார். என் அறையில் இருந்த இரண்டு பேரும் வேறு ஊருக்கு வேலைக்குப் போய்விட்டதால் பாட்டி அடிக்கடி எட்டிப் பார்க்கிறார். அறை இப்போது நல்ல விசாலமாக இருக்கிறது.

போன மாதம் குடாட் போனோம். அங்கே போர்னியோவின் வடமுனை இருக்கிறது. தென்சீனக் கடலும் சூலு கடலும் சேரும் இடம். வழியெல்லாம் தென்னந்தோப்பு. குழு பாறைமேல் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தது. நான் கீழே சாதம் வடித்துக்கொண்டிருந்தேன். சூரியன் இறங்கும் நேரம், இரு பக்கமிருந்தும் அலை வந்து முனையில் ஒன்றோடொன்று மோதியது. சாப்பிட உட்கார்ந்த பெரியவர் ஒருவர் இலையைப் பார்த்தபடியே, "இன்னும் கொஞ்சம் சாம்பார் விடு மக்களே" என்றார். நம் ஊர்ப் பேச்சைக் கேட்டதும் என் கரண்டி அப்படியே நின்றுவிட்டது. தக்கலைக்காரராம். என் ஊரைச் சொன்னதும் கையைப் பிடித்துக்கொண்டார். சித்ரா பௌர்ணமிக்கு நாம் எல்லோரும் குமரிமுனைக்குப் போய், ஒரு பக்கம் சூரியன் இறங்க மறுபக்கம் நிலவு ஏறுவதைப் பார்த்தோமே, அப்பா தங்கச்சியைத் தோளில் வைத்திருந்தார். அம்மா, உங்கள் பக்கத்தில் இருக்க வேண்டும் போல இருந்தது. இப்போதும் இருக்கிறது.

அது போகட்டும். ரப்பர் மரங்களை மொத்தமாக வெட்டி விற்கத் தேங்காய்ப்பட்டணம் மாமா ஆள் கூட்டிவந்ததாக எழுதியிருக்கிறீர்கள். அவசரப்பட வேண்டாம். தங்கச்சி கல்யாணம் தை மாதம்தானே? இந்த மழை முடியட்டும். அதுவரை மரத்துக்கு பிளாஸ்டிக் கட்டிப் பால் வெட்டச் சொல்லுங்கள், ஒட்டுப்பாலையும் சேர்த்து வைத்து விற்கலாம். மார்த்தாண்டத்தில் வேறு இரண்டு வியாபாரிகளிடம் விலை கேட்காமல் முன்பணம் வாங்காதீர்கள். அப்பா நட்ட மரம், அப்பா சொல்வதே முடிவு.

சீட்டுப் பணத்தில் இந்த மாதம் பாதிதான் வரும். இங்கே சம்பளத்தை இரண்டு தவணையாகத் தருகிறார்கள், எல்லோருக்கும் அப்படித்தான். மீதி அடுத்த மாதம் நிச்சயம். கல்யாணத்துக்கு விடுப்பு கேட்டிருக்கிறேன், டிக்கெட் விலை பார்த்துச் சொல்கிறேன். மாப்பிள்ளை வீட்டாரிடம் நான் வருவதாகவே சொல்லிவையுங்கள்.

மதினிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு. குலசேகரம் அத்தை வீட்டுக்கு முதல் அழைப்பிதழை அப்பாவே நேரில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். தபாலில் அனுப்பினால் வரமாட்டார்கள்.

உங்கள் அன்பு மகன்