படுத்திருப்பதும் வேலைதான்

ஆசிரியருக்கு,

இங்கிலாந்தில், வீட்டில் அடியும் பட்டினியும் கண்ட பிள்ளைகளுக்கான சிகிச்சை இல்லம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். ஊரில் சொன்னால் "ஆயா வேலையா?" என்கிறார்கள். சரி, சமைக்கிறேன், துணி துவைக்கிறேன்தான், ஆனால் ரொட்டியைத் தலையணைக்கு அடியில் ஒளித்து வைக்கும் பையனைத் திட்டாமல், அடுத்த வேளைச் சாப்பாடு கட்டாயம் வரும் என்று அவன் நம்பும்வரை மாதக்கணக்கில் பொறுத்திருப்பதுதான் உண்மையான வேலை. சேர்ந்த 2 வருடத்துக்குள் பிள்ளைகள் இல்லப் பராமரிப்பில் 3ஆம் நிலை டிப்ளமோவும் முடிக்க வேண்டும், இல்லங்களைச் சோதிக்கும் அரசு அமைப்பான ஆஃப்ஸ்டெட்டின் ஆய்வும் உண்டு. அப்புறம் இரவு அங்கேயே படுக்கும் ஷிப்ட். தூங்கும் நேரத்துக்குக் குறைந்தபட்சக் கூலி கணக்காகாது என்று 2021இல் பிரிட்டன் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. எந்த நேரம் எந்தக் கதவு படாரென்று அடிக்குமோ என்று காதைத் தீட்டிக்கொண்டு படுப்பதற்குப் பெயர் தூக்கமா?

வாசகி, பர்மிங்காம்