கிஹ்னு தீவுக்குக் குழு அழைத்துப் போகும் பயண ஏற்பாட்டாளர்களுக்கு

வணக்கம்.

எஸ்தோனியாவின் கிஹ்னு தீவைப் பற்றி உங்களுக்குப் புதிதாகச் சொல்ல எதுவுமில்லை. 2003-இல் யுனெஸ்கோ அதன் பண்பாட்டுக்கு அங்கீகாரம் தந்ததை உங்கள் விளம்பரங்களே முதல் வரியில் போடுகின்றன. காலைப் படகில் போய் மாலைப் படகில் திரும்பும் பயணத்தை நிறுத்துங்கள் என்று கேட்கவே இந்த மடல்.

இந்தக் கோடையில் லினக்யூலா ஊர்த் தேவாலயத்திலிருந்து வெளியே வந்த ஒரு மூதாட்டியை ஒரு குழு வழிமறித்திருக்கிறது. படத்துக்கு எடுப்பாக இருக்கும், சிவப்புப் பாவாடை உடுத்திக்கொண்டு வர முடியுமா என்று கேட்டிருக்கிறார்கள். அவர் உடுத்தியிருந்தது கருநீலம். அந்தத் தீவில் அது துக்கத்தின் நிறம். நெருங்கியவர் இறந்தால் கருமை ஓங்கிய பாவாடை. துக்கம் ஆற ஆறத்தான் சிவப்புக் கோடுகள் கூடிய பாவாடைக்கு மாறுவார்கள். முன்னால் ஏப்ரன் கட்டியிருந்தால் மணமானவர். தறியில் தாங்களே நெய்த கம்பளி உடை அது, வேடமல்ல. பெருநிலத்துத் துறைமுகமான முனலாயுவிலிருந்து படகு ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஓடுகிறது. இதைச் சொல்ல அந்த நேரம் போதாதா? தாயை இழந்த வீட்டில் போய் உடை மாற்றச் சொல்வோமா நாம்?

சில மணி நேரத்தில் துறைமுகம், அருங்காட்சியகம், தென்கோடிக் கலங்கரை விளக்கம் என்று ஓடினால் இப்படித்தான் நடக்கும். ஆண்கள் கடலுக்குப் போக, நிலமும் வீடும் சடங்கும் பெண்கள் கையில் நின்ற தீவு அது. பகலில் அவர்களுக்கு வேலை இருக்கிறது. பாட்டும் பேச்சும் வேலை ஓய்ந்த பிறகுதான். அதற்குள் உங்கள் குழு பெருநிலத்து நகரமான பார்னுவுக்குத் திரும்பிவிடுகிறது.

ஆகவே ஓர் இரவாவது தங்க வையுங்கள். பத்துப் பன்னிரண்டு பேருக்கு மேல் வேண்டாம். பேருந்தைப் படகில் ஏற்றாமல் முனலாயுவிலேயே விடுங்கள். அது அடைக்கும் இடத்தில் தீவுக்காரர்களின் கார்கள் பல நிற்கும். தீவின் நீளம் 7 கிலோமீட்டர்தான், துறைமுகத்திலேயே சைக்கிள் வாடகைக்குக் கிடைக்கும். ஜூன் 23, 24 நடுக்கோடை விழா நாட்களில் படகில் கூட்டம் நெரியும்; அந்த வாரத்தை விட்டுவிடுங்கள். கேட்காமல் யாரையும் படம் எடுக்க வேண்டாம்.

  

அடுத்த கோடைக்கான திட்டத்தை அச்சுக்குக் கொடுக்கும் முன், தயவுசெய்து கிஹ்னுவின் ஒருநாள் பயணத்தை எடுத்துவிட்டு ஓர் இரவைச் சேருங்கள்.

நன்றி.